பழசு என்றால் ஒசத்தியா? ஒயின் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு ஒயின் சுவைப்பு பற்றி எழுதியிருந்தேன். பிரான்சில் போர்தோ நகருக்கு வடக்கே, ழிரோந்து கழிமுகத்தை ஒட்டிய போயாக் என்ற ஊரில், வயதான வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டு நிலவறையிலிருந்து ஒரே தோட்டத்துச் சிவப்பு ஒயினின் ஏழு வருடங்களை எடுத்துவந்து எட்டுப் பேருக்குத் திறந்தார். 1982, 1986, 1990, 1996, 2003, 2005, 2016. இதில் 1990 கெட்டுப்போயிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது 1996. எழுதியது அவ்வளவுதான், வந்த கடிதங்கள் ஏராளம். அதில் பாதிப்பேர் "தயவுசெய்து பெயர் போட வேண்டாம், வீட்டில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்" என்று எழுதியிருப்பதால் எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டுவிடுகிறேன், பாரபட்சம் இல்லாமல். தோட்டத்தின் பெயரை ஏன் மறைத்தீர்கள் என்று சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டில் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டுப் பெயரையும் சொல்வது நியாயமில்லை. போர்தோ தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்த 1855 பட்டியலில் அது ஐந்தாம் தரம், அந்த ஊரில் மட்டும் அப்படி 12 தோட்டங்கள் இருக்கின்றன. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

திருச்சி வாசகர்: சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பழைய ஒயின் என்றால் போதை அதிகமா? அதனால்தான் அவ்வளவு விலையா?

இல்லை. பாட்டிலுக்குள் போன பிறகு ஆல்கஹால் அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், நாற்பது வருடம் ஆனாலும். சொல்லப்போனால் கணக்கு தலைகீழ். 1982-ஐச் சுற்றிய வருடங்களின் போர்தோ லேபிள்களில் 12, 12.5 சதவீதம் என்று இருக்கும். இப்போது 13.5, 14 எல்லாம் சாதாரணம், ஏனென்றால் வெயில் கூடியிருக்கிறது, பழத்தை இன்னும் நன்றாகப் பழுக்கவிட்டுப் பறிக்கிறார்கள், சர்க்கரை ஏறினால் ஆல்கஹாலும் ஏறும். உங்களுக்குப் போதைதான் கணக்கு என்றால் புதிய பாட்டிலை வாங்குங்கள், காசும் மிச்சம்.

விஸ்கியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 வருட விஸ்கி என்றால் பீப்பாயில் 12 வருடம். பாட்டிலுக்கு வந்துவிட்டால் அதற்கு வயது ஏறாது, தாத்தா வைத்துவிட்டுப் போன பாட்டிலும் அதே 12 வருட விஸ்கிதான். நல்ல சிவப்பு ஒயினுக்கோ பாட்டிலுக்குள் போன பிறகுதான் கதையே ஆரம்பம்.

மதுரை வாசகி: ஒரே நிலம், அதே கொடிகள், அநேகமாக அதே வேலைக்காரர்கள். பிறகு வருடத்துக்கு வருடம் சுவை மாற என்ன இருக்கிறது?

வானம் இருக்கிறது. போர்தோ தோட்டங்களில் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் பொதுவாக அனுமதி கிடையாது. நம்மூர் பாஷையில் முழுக்க மானாவாரி. அட்லாண்டிக் கடல் பக்கத்தில், எப்போது மழை வரும், எப்போது பனி கருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேபிளில் போடும் வருடம் பழம் பறித்த வருடம் என்பதையும் மறக்காதீர்கள். அதற்கப்புறம் ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ 225 லிட்டர் ஓக் பீப்பாயில் கிடந்துதான் அது பாட்டிலுக்கு வரும்.

போயாக்கில் ராஜா கேபர்நே சாவிஞோன் என்ற திராட்சை. தோல் தடித்தது, மெதுவாகப் பழுப்பது. கூடவே மெர்லோ கொஞ்சம், அது முந்திப் பழுத்துவிடும். செப்டம்பரில் மழை பெய்தால் மெர்லோ ஒருவிதமாகவும் கேபர்நே ஒருவிதமாகவும் அடிபடும், அல்லது தப்பிக்கும். அன்றைக்குக் குடித்த ஏழையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் புரியும்.

1982-ல் வெயிலும் சரி, விளைச்சலும் சரி, இரண்டுமே தாராளம். ஒயின் ஆரம்பத்திலேயே அவ்வளவு மிருதுவாக இருந்ததால் "இது நிற்காது" என்று சொன்ன விமர்சகர்கள் இருந்தார்கள். வக்கீல் வேலை பார்த்துக்கொண்டே ஒயின் எழுதிவந்த ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கரோ இது மகத்தான வருடம் என்று அடித்துச் சொன்னார், அவர் பெயர் நிலைத்ததே அதில்தான். நாற்பது வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும் பாட்டிலைப் பார்க்கும்போது அவர் பக்கம்தான் நியாயம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கு அவர் ருசியோடு நிறையச் சண்டை உண்டு என்றாலும். 1986 வேறு ஜாதி. செப்டம்பர் கடைசியில் மழை கொட்டியது, காத்திருந்து பறித்தவர்களுக்குக் கேபர்நே நன்றாக அமைந்தது, ஆனால் அப்படி ஒரு துவர்ப்பு. இருபது வருடம் வாயே திறக்காத ஒயின். 1996-ல் ஆகஸ்ட் நனைந்துபோனாலும் செப்டம்பர் காய்ந்த, குளிர்ந்த காற்றோடு வந்தது. கேபர்நேக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! 2003 உங்களுக்கே நினைவிருக்கும், ஐரோப்பா முழுக்க ஆகஸ்ட் வெப்ப அலையில் வெந்த வருடம். அந்தக் கோடையை இன்றைக்கும் கோப்பையில் மோந்து பார்க்கலாம்: பேரீச்சை, கிஸ்மிஸ், அடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்ட ஜாம். பத்து வயதில் கவர்ச்சியாக இருந்தது, இப்போது புளிப்பு குறைந்து மூச்சு வாங்குகிறது. 2005 வருடம் முழுக்க வறட்சி, ஆனால் 2003 மாதிரி காய்ச்சல் இல்லை. நல்ல பையன், ஆனால் இன்னும் கைகட்டி நிற்கிறான். 2016-ல் முதல் ஆறு மாதம் ஓயாத மழை, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சொட்டு இல்லை என்று சொல்லிவிடலாம், அப்புறம் சரியான நேரத்தில் ஒரு மழை. எல்லாமே பொருந்தி வந்தது, அதை இப்போது திறந்ததுதான் பாவம்.

கோவை வாசகர் (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியராம்): பாட்டிலுக்குள் என்னதான் நடக்கிறது? கவிதை வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள்.

சரி சார். புதுப்புளி, பழம்புளி தெரியும். புதுப்புளி செந்நிறம், வைக்க வைக்கக் கறுத்துப்போகும். சிவப்பு ஒயின் அதற்கு எதிர்த்திசையில் போகிறது, வயதாக ஆக நிறம் வெளுக்கிறது. 2016-ஐ வெள்ளைத்தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்தால் பேனா மை மாதிரி ஊதாக் கறுப்பு, அடியில் வைத்த எழுத்து தெரியாது. 1996-ல் மாதுளை நிறம், ஓரத்தில் லேசாகச் செங்கல். 1982 முழுக்கவே பழைய ஓட்டு வீட்டின் ஓடு மாதிரி, எழுத்தை அதன் வழியாகவே படிக்கலாம்.

காரணம் திராட்சைத் தோலிலிருந்து வரும் இரண்டு சாமான்கள். ஒன்று ஆந்தோசயனின் என்ற நிறமி, இன்னொன்று டானின், அதாவது நம்முடைய துவர்ப்பு. இரண்டும் வருடக் கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய பெரிய மூலக்கூறுகளாகின்றன, ஒரு கட்டத்தில் கரைந்திருக்க முடியாமல் அடியில் மண்டியாக இறங்கிவிடுகின்றன. நிறத்தில் ஒரு பங்கும் துவர்ப்பில் ஒரு பங்கும் அப்படியே பாட்டிலின் அடிக்குப் போய்விடும். பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி நாக்கையும் ஈறையும் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு, டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. இளம் ஒயினில் வாய் வறண்டுபோகும். பழசில் அது பட்டுத்துணி அளவுக்கு வந்து நிற்கும், நல்ல பாட்டிலாக இருந்தால்.

மணம் மாறுவதுதான் எனக்குச் சுவாரஸ்யம். இளசில் பழ வாசனை தூக்கலாக இருக்கும். கருந்திராட்சை என்று நாம் சொல்வது இல்லை, பிளாக்கரண்ட், சிங்கப்பூர் மலேசியா வாசகர்களுக்கு ரைபீனா என்றால் போதும், மற்றவர்கள் நாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள், குடித்த பிறகு நாக்கு நீலமாவது உட்பட அது சரியாகவே பொருந்தும். வருடங்கள் போகப் போக அந்தப் பழம் பின்வாங்கி, பென்சில் சீவிய தூள், தேவதாரு, சுருட்டுப் பெட்டி, செருப்புக்கடைத் தோல், கடைசியில் மழைக்குப் பிறகு மக்கிய இலை, காளான் என்று வரிசையாக வரும். பென்சில் வாசனை போயாக்கின் முத்திரை. நாலாம் வகுப்பில் ஷார்ப்பனர் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்த எல்லாருக்கும் அது தெரியும்.

கார்க் வழியாக மிக மிகக் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே போகிறது. எல்லா ரசாயனமும் சூட்டில் ஓடும், குளிரில் நடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால்தான் நிலவறை 12, 13 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்றரை லிட்டர் மேக்னம் பாட்டிலில் ஒயின் இரட்டிப்பு, கழுத்தும் காற்றும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் அது மெதுவாக மூப்படையும்.

சென்னை வாசகி: 2009-ல் என் கணவருக்கு அலுவலகத்தில் கொடுத்த பிரெஞ்சு ஒயின் ஒன்று பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது நல்ல விலை போகுமா? குடிக்கலாமா?

மன்னிக்கணும், விலையும் போகாது, குடிக்கவும் நன்றாக இருக்காது. உலகத்தில் தயாராகிற ஒயினில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்தது. வைத்து வைத்து மெருகேறுவது மிகச் சிறிய பங்குதான். அலுவலகப் பரிசு அந்தச் சிறிய பங்கில் வந்திருக்க வாய்ப்பு குறைவு, அப்படியே வந்திருந்தாலும் பதினைந்து சென்னைக் கோடை அதன் மேல் போயிருக்கிறது. கார்க் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறதா, கழுத்தில் பிசுக்காக வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். விஷமெல்லாம் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். ஒரு மாலை திறந்து இரண்டு பேரும் ஒரு வாய் பாருங்கள், முகம் சுளித்தால் சிங்க்கில் ஊற்றிவிடுங்கள். பாட்டில் அழகாக இருந்தால் மணிபிளான்ட் வைக்கலாம்.

இனி யாராவது கொடுத்தால் பீரோ வேண்டாம். வீட்டு ஃபிரிட்ஜ் ஒயினுக்கு உத்தமமான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மே மாதத்துச் சென்னை அலமாரியைவிட எவ்வளவோ மேல்.

கும்பகோணம் வாசகர்: நாங்கள் சைவம். ஒயின் திராட்சைச் சாறுதானே, பிரச்சினை இல்லையே?

முட்டை கூடாதென்றால் பிரச்சினை உண்டு. போர்தோவில் நல்ல சிவப்பு ஒயினைத் தெளியவைக்கப் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது பழைய வழக்கம், அது மிஞ்சிய துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும், தெளிவை மட்டும் இறுத்து எடுப்பார்கள். மஞ்சள் கரு வீணாகாமல் செய்ததுதான் கனெலே என்ற குட்டிக் கேக் என்று ஊரில் கதை சொல்வார்கள். முட்டை போடாமல் தெளியவைக்கிற தோட்டங்களும் உண்டு, பின் லேபிளில் வீகன் என்று தேடிப் பாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: 1990 கெட்டுப்போனது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புளித்துவிட்டதா?

புளிக்கவில்லை. ஈரச்சாக்கு வாசனை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைக் கொல்லையில் போட்டு நாலு நாள் கழித்துத் தூக்கினால் வருமே, அது. கார்க்கில் வருகிற டிசிஏ என்ற ஒரு பொருள் அதற்குக் காரணம், லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஒயினின் பழத்தை மட்டும் கழுத்தை நெரித்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால் தோட்டக்காரர் தப்பு ஏதும் செய்யவில்லை, வாடிக்கையாளரும் முப்பது வருடம் பக்குவமாகத்தான் வைத்திருந்தார், பாட்டிலில் ஒயின் மட்டம் கழுத்து வரை இருந்தது, வெளியே எந்த அடையாளமும் இல்லை. ஊற்றியதும் மேஜையில் யாரும் பேசவில்லை. அவர்தான் முதலில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு "அடுத்தது" என்றார். அதே பெட்டியில் வந்த இன்னொரு 1990 அவரிடம் இருக்கிறதாம், அது பிரமாதமாக இருக்கலாம். பிரான்சில் ஒயின்காரர்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: வயதான ஒயினில் நல்ல ஒயின் என்று ஒன்று கிடையாது, நல்ல பாட்டில்தான் உண்டு.

சிங்கப்பூர் வாசகர்: நாங்கள் நண்பர்கள் எட்டுப் பேர். இப்படி ஒரே ஒயினைப் பல வருடங்களில் சுவைத்துப் பார்க்க ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது? ஏழு வருடமெல்லாம் கட்டுப்படியாகாது.

ஏழு எதற்கு, நாலு போதும். குறுக்கெழுத்துப் போட்டி நினைவிருக்கிறதா, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். ஒரே தோட்டம் பல வருடம் என்றால் மேலிருந்து கீழ். ஒரே வருடம் பல தோட்டம் என்றால் இடமிருந்து வலம். உங்களுக்கு வேண்டியது முதல் வகை. பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள். போயாக் இருக்கிற மெதோக் பகுதியில் க்ரூ பூர்ழ்வா என்று ஒரு வகுப்பு இருக்கிறது, நியாயமான விலை, பத்துப் பதினைந்து வருடம் தாங்கும். இல்லையென்றால் ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரிசர்வா. குறைந்தது 5 வருடம், அதில் 2 வருடமாவது பீப்பாயில் வைத்திருந்துவிட்டுத்தான் விற்கவே முடியும் என்பது அங்கே விதி, அதாவது உங்களுக்குப் பதில் அவர்களே காத்திருந்து தருகிறார்கள். இடையில் மூன்று நாலு வருட இடைவெளி விட்டு வாங்குங்கள், அடுத்தடுத்த வருடங்கள் என்றால் வயது தெரியாது, வானிலை மட்டும்தான் தெரியும்.

750 மில்லி பாட்டிலில் 50 மில்லி வீதம் 15 பங்கு வரும். எட்டுப் பேருக்கு ஒரு சுற்று போக, பிடித்ததை மறுபடி கேட்கவும் மிச்சம் இருக்கும். இரண்டு நாள் முன்பே பாட்டில்களை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் உட்காரட்டும். திறந்து ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியோ செல்போன் டார்ச்சோ வைத்துக்கொண்டு, ரசத்தில் தெளிவை இறுத்து எடுக்கிற மாதிரி கை நடுங்காமல் ஒரே சாய்ப்பில் ஒரு ஜாடியில் ஊற்றுங்கள். வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு நூல் ஓடி வருவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பழைய கார்க் பொடிந்துபோகும், திருகாணியை நம்பாதீர்கள், இரண்டு தகடு உள்ள திறப்பான் கிடைக்கும், கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி ஆட்டி ஆட்டி எடுப்பது.

"அறை வெப்பநிலை" என்று பிரெஞ்சுக்காரன் சொல்வது அவன் வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. உங்கள் ஊர் அறை 30. ஊற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். முறுக்கு, மிக்சர், சிக்கன் 65 எல்லாம் சுவைத்து முடித்த பிறகு. நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும், ஊதுபத்தியும் கூடாது.

எதை முதலில் என்பதில் சண்டை ஓயாது. நிறையப் பேர் இளசிலிருந்து பழசுக்குப் போவார்கள். நான் பழசிலிருந்து இளசுக்கு. 2016-ன் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது 1982 பேசுவது யார் காதில் விழும்?

மட்டக்களப்பு வாசகர்: அவ்வளவு விலையான ஒயினை வாயில் வைத்துவிட்டுத் துப்புவார்களாமே. பாவம் இல்லையா?

ஒரு நாளில் முப்பது நாற்பது ஒயின் பார்க்கிறவர்கள் துப்பாவிட்டால் பத்தாவதில் படுத்துவிடுவார்கள். வெற்றிலை போடுகிற வீட்டில் படிக்கம் இருந்த மாதிரி இங்கே மேஜைக்கு மேஜை படிக்கம் உண்டு, தெறிக்காமல் மெல்லிய கம்பியாகத் துப்புவது ஒரு வித்தை, எனக்குக் கைவர இரண்டு வருடம் ஆனது, சட்டைகள் எத்தனை போயின என்று கேட்காதீர்கள். அன்றைக்குப் போயாக்கில் எல்லாவற்றையும் துப்பினேனா என்றால், ஐந்தைத் துப்பினேன்.

காரைக்குடி வாசகர்: வாங்கிப் போட்டு வைத்தால் தங்கம் மாதிரி ஏறுமா?

ஏறியவை உண்டு, 2011 வாக்கில் சீன வாங்குபவர்களின் வேகத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் தொப்பென்று இறங்கியவையும் உண்டு. போர்தோவில் வழக்கம் என்னவென்றால் பறித்த மறு வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே விற்றுவிடுவார்கள், பாட்டில் கைக்கு வர இரண்டு வருடம். நம் பக்கத்தில் கதிர் முற்றுமுன்பே விலை பேசுவது மாதிரி. ஷத்தோ லத்தூர் என்ற போயாக்கின் பெரிய தோட்டம் 2012-ல் இந்த முறையிலிருந்து வெளியே வந்துவிட்டது, இனிமேல் குடிக்கிற பக்குவத்துக்கு வந்த பிறகே விற்போம் என்று.

வாங்குகிறவருக்கு இன்னொரு பயமும் உண்டு, போலி. 2008-ல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியில் போன்சோ குடும்பத்தின் தோமேன் போன்சோ தயாரித்த குளோ சான்-தெனி என்ற ஒயின் என்று சொல்லி 1945 முதல் 1971 வரையிலான வருடங்களின் பாட்டில்கள் வந்தன. பார்த்தால் அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-ல்! லோராம் போன்சோ தானே விமானம் ஏறிப் போய் ஏலத்தில் உட்கார்ந்தார், பாட்டில்கள் விலக்கப்பட்டன. அவற்றை விற்பனைக்குத் தந்த ரூடி குர்னியவான் 2013-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி மறுவருடம் பத்து வருடம் சிறை பெற்றார். தங்கமே வாங்கிக்கொள்ளுங்கள், உரசியாவது பார்க்கலாம்.

நாகர்கோவில் வாசகி: தினம் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

என் பிழைப்பு அதில்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: இல்லை. எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிக்கிறவர்கள் ருசிக்காகக் குடிக்கட்டும். மருந்து என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: 1982 அந்த நூற்றாண்டின் பெரிய வருடங்களில் ஒன்று என்று எல்லாரும் கொண்டாடும்போது நீங்கள் 1996-ஐத் தூக்கிப் பிடிப்பது வேண்டுமென்றே செய்கிற குறும்பா?

குறும்பு இல்லை ஐயா, ஆனால் நீங்கள் காரைக்கால்காரனைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த 1982-ஐத் திறந்த உடனே வந்த வாசனையை நான் குறை சொல்ல மாட்டேன். மக்கிய இலை, காய்ந்த ரோஜா, கொஞ்சம் காளான், பின்னால் எங்கேயோ இனிப்பாக ஒரு பழம். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். ஆனால் நாற்பது நிமிடத்தில் அது கோப்பையிலேயே இளைக்க ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்தில் புளிப்பு மட்டும் மேலே தெரிந்தது. கொண்டாடியவர்கள் அந்த முதல் அரை மணி நேரத்தைக் கொண்டாடினார்கள். அதில் ஒரு பங்கு அந்த வருடத்துக்குப் போட்ட கும்பிடு, லேபிளைத் துணியால் மறைத்து ஊற்றியிருந்தால் இத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். 1996-ல் பழமும் இருந்தது, பென்சிலும் சுருட்டுப் பெட்டியும் வந்துவிட்டன, இரண்டும் ஒரே கோப்பையில் மூன்று மணி நேரம் நின்றன. அந்தத் தரத்து போர்தோவுக்கு நல்ல வருடமாக இருந்தால் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் ஒரு நல்ல காலம் இருக்கிறது, அதைத் தாண்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் சுவைக்காக வைத்திருப்பதில்லை, சொல்லிக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். இது என் கட்சி. திட்டி எழுதலாம்.

இந்தக் கட்சிக்கு நான் வந்த கதையும் உண்டு. 2001-ல், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், நான் இருந்த உணவகத்தில் வயதான தம்பதி ஒருவர் தங்கள் கல்யாண வருடமான 1966 பாட்டில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். இளம் ஒயினுக்குக் காற்று வேண்டும் என்று படித்திருந்தேன். பழசுக்கு இன்னும் அதிகம் வேண்டும் என்று நானாகவே கணக்குப் போட்டு, மாலை ஆறு மணிக்கே இறுத்து ஜாடியில் வைத்துவிட்டேன். ஆறு மணிக்கு அந்த அறை முழுக்க வாசனை. எட்டரைக்கு அவர்கள் கோப்பையில் ஊற்றியபோது சாயம் போன தண்ணீர். பெரியவர் ஒரு வாய் குடித்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலை. திட்டு சமையலறையில் கிடைத்தது, தமிழில் அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தைகளில் இல்லை. மிகப் பழசை ஊற்றுகிற நேரத்தில் இறுத்தால் போதும் என்று அன்றைக்குப் படித்தேன்.

டொரொண்டோ வாசகி: என் மகன் 2013-ல் பிறந்தவன். 2032-ல் இங்கே அவனுக்குச் சட்டப்படி 19 வயது ஆகும்போது திறக்க, அவன் பிறந்த வருடத்து போர்தோ ஒன்று வாங்கி வைக்கலாமா?

பையன் நல்ல வருடத்தில் பிறந்திருக்கலாம், போர்தோ சிவப்புக்கு அது பரிதாபமான வருடம். குளிர்ந்த வசந்தம், பூ சரியாகப் பிடிக்கவில்லை, கடைசியில் அழுகல். 2032 வரை அது நிற்கும் என்று நான் பணம் கட்ட மாட்டேன். அதே 2013-ல் இத்தாலியின் பியெமோன்தேயில் நெபியோலோ திராட்சை நன்றாக வந்தது, அதில் செய்கிற பரோலோ என்ற சிவப்பு ஒயினைப் பாருங்கள், 19 வயதெல்லாம் அதற்கு வாலிபம். இனிப்பு பிடிக்கும் குடும்பம் என்றால் போர்தோவிலேயே சோத்தெர்ன் என்ற வெள்ளை இனிப்பு ஒயின் அந்த வருடம் நன்றாக அமைந்தது. வீட்டு பேஸ்மென்டில் வைப்பதாக இருந்தால் ஃபர்னஸிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத குளிர்ந்த மூலையில், படுக்கவைத்து. அப்புறம், ஒன்று வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். 1990 ஞாபகம் இருக்கிறதில்லையா.